இடது காலும் சுருதி பிடிக்கும்: பெடல் ஸ்டீல் கிடார் கேள்வி–பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த பெடல் ஸ்டீல் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெடல் ஸ்டீல் என்பது கால் பெடலாலும் முழங்கால் லீவராலும் தந்திகளின் சுருதியை மாற்றும் கிடார். பதில்களுக்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. பெடல்களின் பெயர் ஏ, பி, சி. சுருதிகளின் பெயரும் ஏ, பி, சி. கடிதங்களில் பாதிக் குழப்பம் இதனால்தான். ஆகவே இங்கே பெடலுக்கு எழுத்து, சுருதிக்கு ஸ்வரம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கருவியில் பரவலாக வைக்கும் ஈ9 டியூனிங்கில் ஈ சுருதியைச் சட்ஜமாக எடுத்துக்கொண்டால், உங்களுக்கு எட்டத்தில் இருக்கும் முதல் தந்தியிலிருந்து பத்தாவது வரை: ரி, நி, க, ச, ப, க, ரி, ச, நி, ப. ரி சதுஸ்ருதி, க அந்தரம். இரண்டாம் தந்தியின் நி காகலி, ஒன்பதாம் தந்தியின் நி கைசிகி. ஏ பெடல் 5, 10 தந்திகளின் ப-வைச் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏற்றும். பி பெடல் 3, 6 தந்திகளின் க-வைச் சுத்த மத்தியமத்துக்கு ஏற்றும். சி பெடல் 4-ம் தந்தியின் ச-வை ரி ஆக்கும், 5-ம் தந்தியின் ப-வைத் த ஆக்கும். இடது முழங்காலை இடப்பக்கம் சாய்த்தால் படும் லீவர் 4, 8 தந்திகளின் ச-வை அரைச் சுரம் ஏற்றிச் சுத்த ரிஷபம் ஆக்கும். வலப்பக்கம் சாய்த்தால் படும் லீவர் அதே தந்திகளைக் காகலி நிஷாதத்துக்கு இறக்கும். எமன்ஸ் அமைப்பு என்று சொல்லப்படும் பொதுவான அமைப்பு இது.

பாம்பன் வாசகர்: சர்ச் பாடகர் குழுவில் பல வருடமாக ஹவாயன் கிடார் வாசிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் மூலம் மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர் உள்ள பெடல் ஸ்டீல் கிடைத்தது. ஏ, பி பெடல்களைச் சேர்த்து அழுத்தினால் முழங்கால் தானாகப் போய் லீவரில் இடிக்கிறது, கார்டு கெட்டுவிடுகிறது. காலை எப்படிப் பழக்குவது?

காலைப் பழக்குவதற்கு முன் நாற்காலியைச் சரிபாருங்கள். சர்ச்சில் கிடைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் இந்த இடிப்பு வரத்தான் செய்யும். அது பள்ளமாக இருப்பதால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும். பாதத்தை அழுத்தும்போது தொடை முழுதும் அசையும், முழங்கால் பக்கவாட்டில் அலையும். கைப்பிடி இல்லாத, தட்டையான ஸ்டூல் எடுத்துக்கொள்ளுங்கள். தொடை தரைக்கு இணையாகவோ முன்பக்கம் கொஞ்சம் சரிந்தோ இருக்க வேண்டும். உங்கள் தொப்புள் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் பதினைந்தாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே வரட்டும். அதைவிட இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் இடது கால் பெடலுக்கு நேராக நிற்காமல் கோணலாகிவிடும்.

அடுத்தது லீவர் இடைவெளி. ஏ, பி இரண்டையும் முழுதாக அழுத்தி வைத்த நிலையில், முழங்காலின் இரண்டு பக்கமும் லீவருக்கு ஒரு விரல் தடிமன் இடைவெளி வேண்டும். கால் சும்மா இருக்கும்போது அளந்து ஏமாறாதீர்கள். அழுத்தும்போது முழங்கால் கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் உள்ளே வரும். பல கருவிகளில் லீவர் பொருத்தியிருக்கும் திருகைத் தளர்த்தி நகர்த்திக்கொள்ளலாம். நகர்த்தியபின் அந்த லீவரின் டியூனிங்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எந்த லீவரில் இடிக்கிறது என்பதைக் காதே சொல்லிவிடும். ஏ, பி அழுத்தினால் 4, 5, 6 தந்திகளில் ச, த, ம கேட்க வேண்டும். அதில் ச மட்டும் மேலே ஏறி, கார்டு முடியாமல் தொங்குவது போல் ஒலித்தால் இடப்பக்க லீவர் பட்டிருக்கிறது. ச கீழே இறங்கி நி ஆனால் வலப்பக்கம்.

இனி கால். பாதத்தின் முன்பகுதி ஏ, பி இரண்டின் மேலும் கிடக்க வேண்டும், குதிகால் தரையில். அழுத்தம் கணுக்காலில் இருந்து வரட்டும். தொடையைத் தூக்கி அழுத்துவது சைக்கிள் பெடல் மிதிக்கிற பழக்கம். இங்கே அது ஆகாது. ஏ மட்டும் வேண்டும்போது பாதத்தை இடது ஓரமாகச் சாய்க்க வேண்டும், பி மட்டும் வேண்டும்போது வலது ஓரமாக. முழங்கால் லீவருக்குக் குதிகாலை அச்சாக வைத்துக் காலைத் திருப்ப வேண்டும். பவர் மெஷினில் தைப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வலது முழங்காலால் லிஃப்டரைத் தள்ளி பிரஷர் ஃபூட்டைத் தூக்கும்போது இடுப்பு அசையாது, துணியும் அசையாது. அதே அசைவுதான், இங்கே இடது காலுக்கு.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பாதம் இடப்பக்கம் சாய்ந்து ஏ பெடலில் நிற்கும்போது முழங்காலும் இடப்பக்கம் போகத்தான் விரும்பும். அங்கே இருப்பது ஏ-யோடு சேர்ந்து வாசிக்கும் ஏற்று லீவர். பாதம் வலப்பக்கம் சாய்ந்து பி-யில் நின்றால் முழங்கால் வலப்பக்கம் போகும். அங்கே இருப்பது பி-யோடு சேரும் இறக்கு லீவர். அடிக்கடி தேவைப்படும் ஜோடிகள் கால் போகிற வழியிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. இது புரிந்துவிட்டால் பாதி மனப்பாடம் மிச்சம்.

பயிற்சியை இப்படித் தொடங்குங்கள். மெட்ரோனோம் 60-ல். முதல் நாளில் ஆம்ப் வேண்டாம், தந்தி மேல் நகர்த்தும் உலோகப் பார் வேண்டாம், கை மடியில். ஏ, பி சேர்த்து இரண்டு அடிக்குள் இறக்கி, இரண்டு அடி நிறுத்தி, இரண்டு அடிக்குள் விடுங்கள். இறங்குவதும் ஏறுவதும் ஒரே வேகமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் அழுத்தும்போது பதமாக அழுத்திவிட்டு, விடும்போது சட்டென்று காலை எடுத்துவிடுவார்கள். பத்து நிமிடம் போதும். பிறகு ஆம்பைப் போட்டு, மூன்றாம் ஃப்ரெட்டில் பாரை வைத்து, 4, 5, 6 தந்திகளில் அதையே செய்யுங்கள்.

5-ம், 6-ம் தந்திகள் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். ஒன்று முந்தினால் உடனே காலைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்கேலை வைத்து இரண்டு பெடலும் எவ்வளவு தூரம் இறங்குகின்றன என்று அளந்து பாருங்கள். ஏ முழுச் சுரம் இழுக்கிறது, பி அரைச் சுரம்தான். கருவிக்கு அடியில் தந்தியை இழுக்கும் ராடு பெல்கிராங்கில் (பெடல் அசைக்கும் சிறு நெம்புகோலில்) எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து பெடலின் தூரமும் கனமும் மாறும். ஒன்று சீக்கிரம் முட்டி நின்று மற்றொன்று இன்னும் இறங்கினால் எந்தக் காலாலும் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது.

தங்கச்சிமடம் வாசகர்: தந்தியை மீட்டுவதற்கு முன் பெடலை அழுத்துவதா, மீட்டியபின் அழுத்துவதா?

இரண்டும் வேண்டும். இரண்டும் வேறு வேறு ஓசை. முன்பே அழுத்தி மீட்டினால் கார்டு நேராக நிற்கும். பியானோவில் கட்டை அழுத்தியது போல. மீட்டியபின் அழுத்தினால் ஸ்வரம் ஜாரு போல ஏறும். ஆனால் பாரால் வரும் ஜாருவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாரை நகர்த்தினால் எல்லாத் தந்தியும் சேர்ந்து நகரும். பெடலில் 4-ம் தந்தியின் ச அசையாமல் நிற்க, அதைச் சுற்றி க மட்டும் ம-வுக்கும், ப மட்டும் த-வுக்கும் போகும். ஹவாயன் கிடாரில் இல்லாதது இதுதான். பெடல் ஸ்டீல் வாங்குவதற்குக் காரணமும் இதுதான்.

மீட்டிய உடனே அழுத்த வேண்டாம். முதலில் க-வும் ப-வும் காதில் விழட்டும். நான்கு அடித் தாளத்தில் ஒன்றில் மீட்டி, இரண்டில் அழுத்தத் தொடங்கி, மூன்றில் ம-வும் த-வும் போய்ச் சேரட்டும். அது கைவந்தபின் அரை அடியில் போய்ச் சேரச் செய்யுங்கள். பிறகு தலைகீழாக: அழுத்தியபடி மீட்டி, மெல்ல விடுங்கள். ஞானப்பாட்டின் முடிவில் ஆமென் பாடும்போது வருகிற கார்டு மாற்றம் அப்படியே கேட்கும். பாடகர் குழுவோடு வாசிப்பவர்களுக்கு முதலில் பயன்படப்போவது இந்த விடுதல்தான். ஆகவே அழுத்துவதைவிட விடுவதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எல்லா ஸ்வரத்தையும் வளைத்துக்கொண்டே இருந்தால் கேட்பவருக்கு அலுத்துவிடும். ஒரு வரிக்கு ஒரு வளைவு தாராளம்.

உச்சிப்புளி வாசகர்: பெடலால் ஸ்வரத்தை வளைப்பது எப்போது தொடங்கியது?

அமெரிக்காவில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ், 1954-ல் வெளிவந்த பாடகர் வெப் பியர்ஸின் இசைத்தட்டில் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தி வாசித்தார். அதற்குப் பிறகுதான் மற்ற ஸ்டீல் கலைஞர்கள் தங்கள் கருவியில் பெடல் மாட்டிக்கொள்ள ஓடினார்கள். அவர் ஒரே பெடலில் செய்த இரண்டு ஏற்றங்களை இரண்டு பெடலாகப் பிரித்தவர் படி எமன்ஸ் (Buddy Emmons, 1937–2015). இன்றைய ஏ, பி பெடல்கள் அப்படி வந்தவை.

கீழக்கரை வாசகர்: ஜி மேஜரை மூன்றாம் ஃப்ரெட்டில் பெடல் இல்லாமலும், பத்தாம் ஃப்ரெட்டில் ஏ, பி அழுத்தியும் வாசிக்கிறேன். நடுவில் ஆறாம் ஃப்ரெட்டில் ஏ பெடலும் ஏற்று லீவரும் சேர்த்தால் அதே ஜி வரும் என்கிறார்கள். வருகிறது, ஆனால் சுருதி சேரவில்லை. மூன்றிலிருந்து ஆறுக்குப் போகும்போது நடுவில் ஏதோ அசிங்கமான சத்தமும் வருகிறது.

இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

சுருதி சேராதது உங்கள் காலின் தப்பு இல்லை. டியூனர் காட்டும் நடுக்கோட்டில் எல்லா ஸ்வரத்தையும் வைத்தால் அந்தர காந்தாரம் சுத்தமான காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அதிகமாக இருக்கும். ஸ்டீலில் ஒலி நீண்டு நிற்பதால் அந்த உரசல் நன்றாகக் கேட்கும். அதனால் க-வைக் கோட்டுக்குக் கீழே இறக்கி, காதுக்கு இதமாக வைப்பது வழக்கம். ஏ பெடல் தரும் த-வும், ஏற்று லீவர் தரும் சுத்த ரிஷபமும் அதே காரணத்துக்காகக் கீழே வைக்கப்படுகின்றன. ஆறாம் ஃப்ரெட் கார்டில் இந்த மூன்றும்தான் கூடுகின்றன. தங்களுக்குள் சுத்தமாகச் சேர்ந்திருக்கும்; ஆனால் மொத்தக் கார்டும் மற்ற வாத்தியங்களைவிடக் கீழே கிடக்கும். ஆகவே பாரை ஆறாம் கோட்டுக்கு நேராக வைக்காமல், பிரிட்ஜ் பக்கமாக 3 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். தந்தி நீளம் 24 அங்குலமான கருவியில் 15 சென்ட் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கோட்டை நம்பாமல் கீபோர்டில் ஒரு ஜி-யை நிறுத்திவைத்து அதோடு சேர்த்துப் பாருங்கள்.

லீவரை மட்டும் தனியாக டியூன் செய்யாதீர்கள். ஏ பெடலை அழுத்திய நிலையிலேயே லீவரைத் தள்ளி, 4, 5, 6 தந்திகளை ஒன்றாக மீட்டி டியூன் செய்யுங்கள்.

அசிங்கமான சத்தம் காலும் கையும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேருவதால் வருவது. முதலில் பாரை நகர்த்தாமல் மூன்றாம் ஃப்ரெட்டிலேயே நின்று காலை மட்டும் பழக்குங்கள்: ஏ தனியாக, பிறகு முழங்கால், பிறகு இரண்டும் ஒரே அசைவாக. பாதம் இடப்பக்கம் சாயும் அதே சாய்வில் முழங்காலும் போய் லீவரைத் தொட வேண்டும். இரண்டு அசைவாகப் பிரிந்தால் முதலில் ஏ மட்டும் அழுந்தி ஒரு மைனர் கார்டு எட்டிப்பார்க்கும். உங்கள் காதில் விழுவது பெரும்பாலும் அந்த மைனர்தான். இருபது தடவை சுத்தமாக வந்தபின் பாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வலது உள்ளங்கை ஓரத்தால் தந்திகளை அடக்கி, காலையும் பாரையும் நகர்த்தி, பிறகு மீட்டுங்கள். அடக்காமல் இழுத்துக்கொண்டு போவது அழகுதான், ஆனால் அதில் கால் பாரோடு சேர்ந்தே புறப்பட்டுச் சேர்ந்தே நிற்க வேண்டும். அதைச் சில மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆறிலிருந்து பத்துக்குப் போவது இதைவிட எளிது. ஏ அழுந்தியபடியே இருக்கும். முழங்கால் லீவரை விட்டுவிட்டுப் பாதத்தை பி-யின் மேலும் சமமாகச் சாய்த்தால் முடிந்தது.

மண்டபம் வாசகர்: வலது முழங்கால் லீவரைத் தள்ளும்போதெல்லாம் வால்யூம் பெடல் அசைந்து சத்தம் கூடிக் குறைகிறது.

வால்யூம் பெடலை வலது முழங்காலின் இரண்டு லீவர்களுக்கும் நடுவே கால் இயல்பாக விழுகிற இடத்துக்கு நகர்த்துங்கள். முன்பக்கம் கொஞ்சம் வலப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தாலும் சரிதான். முழுப் பாதமும், குதிகால் உட்பட, பெடல் மேலேயே இருக்கட்டும். வால்யூம் மாறுவது முன்னும் பின்னும் சாய்வதால். லீவர் கேட்பது பக்கவாட்டு அசைவு. கணுக்கால் ஒரே கோணத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது.

சோதிக்க: செல்போனில் ரெக்கார்டிங் ஆப்பைத் திறந்து அதன் அளவுக் கோட்டைப் பார்த்தபடி, 2-ம் தந்தியை மீட்டி, அதை இறக்கும் லீவரைத் தள்ளி விடுங்கள். ஸ்வரம் மாறும்போது கோடு துள்ளினால் கணுக்கால் அசைகிறது. இந்த லீவரில் பெரும்பாலும் நடுவே ஒரு தடை இருக்கும். அதுவரை தள்ளினால் கைசிகி நிஷாதம், தாண்டித் தள்ளினால் தைவதம். அந்தத் தடையை முழங்காலால் உணர முடியாத அளவுக்கு வேகமாகத் தள்ளாதீர்கள்.

வால்யூம் பெடலைப் பாதியில் வைத்து மீட்டி, ஒலி தேயத் தேயத் திறக்க வேண்டும். முழுதாகத் திறந்தே மீட்டினால், தேயும்போது திறப்பதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

தொண்டி வாசகர்: வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஏ பெடலை விட்டபின் 5-ம் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பவில்லை; கொஞ்சம் மேலேயே நிற்கிறது. முன்பு இப்படி இல்லை. ராடு முனையின் நைலான் நட்டைத் திருகித் திருகிச் சரிசெய்கிறேன்.

அந்தத் திருகல்தான் இப்போது பாதி நோய். நைலான் நட்டு பெடலோ லீவரோ ஏற்றிய, இறக்கிய ஸ்வரத்தை டியூன் செய்ய மட்டுமே. பெடல் அழுத்தாத ஸ்வரத்தை எப்போதும் டியூனிங் சாவியில்தான் வைக்க வேண்டும். வரிசை இதுதான்: முதலில் திறந்த தந்திகள், பிறகு பெடல்கள், பிறகு லீவர்கள். நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால், பெடலை விட்டபிறகும் ராடு சேஞ்சர் விரலை (தந்தியை ஏற்றி இறக்கும் பாகத்தை) லேசாக இழுத்தபடியே இருக்கும். ஸ்வரம் மேலேயே நிற்கும். பெடலை விட்ட நிலையில் ராடைக் கையால் தொட்டுப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் நட்டைத் தளர்த்துங்கள். தளர்த்தியபின் பெடலை முழுதாக அழுத்தியும் த எட்டவில்லையா? பெடலின் முட்டுத் திருகை நகர்த்தி இன்னும் கொஞ்சம் இறங்க விடுங்கள்.

ராடில் ஆட்டம் இருந்தும் திரும்பவில்லையென்றால் உப்புக் காற்றின் வேலை. சேஞ்சர் விரல்கள் ஒரு அச்சில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. கச்சான் காற்று அள்ளிவரும் தூசியும், உப்பு ஈரமும், பழைய எண்ணெயும் சேர்ந்து அங்கே பிசினாகிவிடும். லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலை முப்பது நாற்பது தடவை அழுத்தி விட்டு, வழியும் கறுப்பைத் துணியில் ஒற்றி எடுங்கள். வெட்டவெளியில், அடுப்பு, பீடி, சுவிட்ச் எதுவும் பக்கத்தில் இல்லாமல். நன்றாக உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் விரலுக்கு ஒரு சொட்டு, ஊசி முனையால். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நாளானால் அதுவே பிசுக்காகும். பெடல் ராடுகளின் கொக்கி முனைகளுக்கும் பெல்கிராங்குகளுக்கும் இதே எண்ணெய், இதே அளவு.

வாசித்து முடித்ததும் தந்திகளை மேலும் கீழும் உலர்ந்த துணியால் துடைத்து, கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஜன்னலோரம் விரித்து வைத்தால் வாடைக் காலத்தில் தந்தி சீக்கிரமே துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்தியில் பார் கரகரக்கும், சுருதியும் நிற்காது. 3-ம் தந்தி 0.011 அங்குல மெல்லிசுத் தந்தி. அதை பி பெடல் வேறு ஓயாமல் இழுக்கிறது, ஆகவே முதலில் அறுவது அதுதான். நான்கைந்து உபரியாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

ஏர்வாடி வாசகர்: செருப்பா, ஷூவா, வெறுங்காலா?

ரப்பர் செருப்பு வேண்டாம். பாதம் சாயும்போது செருப்பு சாயாது. அடிப்பாகம் மெல்லிய, முன்பக்கம் குறுகிய ஷூ நல்லது. வெறுங்கால் சிறு பயிற்சிக்குப் போதும்; ஒரு மணி நேரம் வாசித்தால் பெடல் விளிம்பு பாதத்தில் பதிந்துவிடும். எதைப் போட்டாலும் மாற்றாமல் ஒன்றையே போடுங்கள். அரை அங்குலம் தடித்த ஷூவுக்கு மாறினால் முழங்கால் உயரமும் மாறும், லீவர் இடைவெளியைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

சாயல்குடி வாசகர்: என் கருவியில் பெடல்கள் இடமிருந்து வலமாக சி, பி, ஏ என்று இருக்கின்றன. தப்பாக மாட்டிவிட்டார்களா?

தப்பில்லை. அது டே அமைப்பு, ஜிம்மி டே பெயரால் வழங்குவது. அதில் ஏ வலது பக்கம் இருப்பதால் ச-வை ஏற்றும் லீவரும் வலப்பக்கம், இறக்கும் லீவர் இடப்பக்கம். மேலே பாம்பன் வாசகருக்குச் சொன்னதை இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஏற்று லீவர் ஏ பெடல் இருக்கும் பக்கமே இருக்கிறதா? பெடல் டே அமைப்பிலும் லீவர் எமன்ஸ் அமைப்பிலும் கலந்து கிடந்தால், பாதம் வலப்பக்கமும் முழங்கால் இடப்பக்கமும் முறுக்கிக்கொள்ளும். அப்படியானால் பயிற்சியை ஆரம்பிக்கும் முன் லீவர் இரண்டின் ராடுகளையும் மாற்றி மாட்டிவிடுங்கள்.